அடியாத நாயும் படியும்: ஒரு 'டிக்' சத்தத்தின் வரலாறு

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி உண்டு. மாட்டைச் சொல்வதுபோல் சொல்லி, நாய், குதிரை, யானை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாரையும் சேர்த்தே சொல்லி வைத்தார்கள். இது நம்மூர்ப் புத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் நாய் பழக்கும் புத்தகம் எழுதிய பெரிய பெரிய ஆட்களும் இதையேதான் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

ஒரு பிராணியை அடிக்காமல், மிரட்டாமல், அதுவும் சில நிமிடங்களிலேயே பழக்கிவிடலாம் என்பது தெரியவந்த ஆண்டு 1943. அதை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்து பார்க்கலாம் என்று செய்முறையோடு ஒரு பிரபல பத்திரிகையில் அச்சான ஆண்டு 1951. ஆனால் நாய் வளர்க்கும் சாதாரண மக்களிடம் அது பரவ ஆரம்பித்தது 1992-க்குப் பிறகுதான். நடுவில் நாற்பது வருஷம்! அந்த நாற்பது வருஷமும் கோடிக்கணக்கான நாய்கள் கழுத்தில் இறுகும் சங்கிலியோடுதான் 'உட்கார்' கற்றுக்கொண்டன. மருந்து கையில் இருந்தும் ஏன் இத்தனை தாமதம்? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கிளிக்கர் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கிளிக்கர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே வளைந்த ஒரு தகடு. அமுக்கினால் 'டிக்', விட்டால் 'டக்'. திருவிழாக் கடையில் விற்கும் தகரத் தவளை பொம்மையின் வயிற்றை அமுக்கினால் வருமே, கிட்டத்தட்ட அதே சத்தம்தான். இந்தப் பொம்மைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1944 ஜூனில் நார்மண்டியில் இருட்டில் பாராசூட்டில் குதித்த அமெரிக்க வீரர்கள் இதே மாதிரி ஒன்றை வைத்திருந்தார்கள். எதிரே வருபவன் நம்மாளா என்று தெரிந்துகொள்ள ஒரு முறை அமுக்க வேண்டும். நம்மாளாக இருந்தால் பதிலுக்கு இரண்டு முறை அமுக்குவான்.

நாய் விஷயத்தில் இது எப்படி வேலை செய்கிறது? முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஒரு துண்டு தீனி. இதையே பத்து இருபது தடவை செய்தால், இந்தச் சத்தம் வந்தால் தீனி வரும் என்று நாய்க்குப் புரிந்துவிடும். பிறகு அது தானாக உட்காரும் நேரம் பார்த்து, பின்பக்கம் தரையைத் தொடும் அதே நொடியில் 'டிக்'. அப்புறம் தீனி. அவ்வளவுதான்.

நேரடியாகத் தீனியையே கொடுத்துவிட்டால் என்ன, நடுவில் எதற்கு ஒரு சத்தம் என்று கேட்கலாம். நாய் உட்கார்ந்ததைப் பார்த்து, நாம் பையில் கைவிட்டு, பிஸ்கட்டை எடுத்து நீட்ட மூன்று நான்கு நொடி ஆகிவிடும். அதற்குள் அது எழுந்து நம் மேல் தாவியிருக்கும். பிஸ்கட் தாவியதற்குக் கிடைத்த கூலியாகிவிடும்! 'டிக்' சத்தமோ, "இதோ, இந்த நொடியில் நீ செய்தாயே, அதற்குத்தான்" என்று குறித்துக் கொடுத்துவிடுகிறது. வணிகவியல் படிப்பவன் பாஷையில் சொன்னால், இது ஒரு காசோலை. பணம் கொஞ்சம் பொறுத்து வந்தாலும் பரவாயில்லை, கட்டாயம் வர வேண்டும். நாலு தடவை திரும்பி வந்த காசோலையை மறுபடி யார் வாங்குவார்கள்?

சங்கிலி ஆண்ட காலம்

கொன்ராட் மோஸ்ட் என்பவர் ஜெர்மன் போலீஸில் நாய்களைப் பழக்கியவர். 1910-ல் அவர் எழுதிய புத்தகம்தான் நவீன நாய்ப் பயிற்சியின் ஆரம்பப் பாடநூல் என்று சொல்வார்கள். மனிதர் விஷயம் தெரியாதவர் இல்லை. பரிசோ தண்டனையோ, சரியான நொடியில் கொடுத்தால்தான் நாய்க்குப் புரியும் என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவருடைய பயிற்சியின் முதுகெலும்பு கட்டாயம்தான். முள் வைத்த கழுத்துப் பட்டையும் பிரம்பும் அதில் சாதாரணம். நாய்க்கும் மனிதனுக்கும் நடுவில் யார் பெரியவர் என்று ஒரு போட்டி, அதில் மனிதன் ஜெயித்தே ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ நாய்களைப் பழக்கியவர்களில் ஒருவர் வில்லியம் கோலர். பிறகு டிஸ்னி படங்களுக்கு நாய்களைப் பழக்கிக் கொடுத்தார். 1962-ல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. தோட்டத்தில் நாய் குழி தோண்டினால் என்ன செய்வது? அந்தக் குழியில் தண்ணீரை நிரப்பி நாயின் தலையை அதில் அமுக்கு என்கிறது புத்தகம். கொடுமைக்காரர்கள் படிக்க ரகசியமாக எழுதிய புத்தகம் இல்லை இது. நாயை ஆசையாக வளர்த்த குடும்பங்கள் கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தகம்.

1962 என்ற வருஷத்தைக் கவனியுங்கள். அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பே வேறு வழி தெரிந்துவிட்டது.

மாவு மில் மாடியில் ஒரு புறா

நல்ல பலன் தரும் செயலைப் பிராணி திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ன்டைக் 1898-லேயே பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துச் சோதித்துக் காட்டியிருந்தார். அந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் பி. எஃப். ஸ்கின்னர். 1938-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் முழுக்க எலிகள். பெட்டிக்குள் எலி ஒரு கட்டையை அமுக்கும், தீனி விழும், இயந்திரம் கணக்கெடுக்கும். மனிதக் கை படாத ஆராய்ச்சி.

போர் வந்தது. ஸ்கின்னருக்கு ஒரு விசித்திரமான யோசனை. குண்டின் மூக்கில் புறாக்களை உட்கார வைத்து, இலக்கின் படத்தைக் கொத்தவிட்டு, அதை வைத்தே குண்டைத் திருப்பினால் என்ன? மினியாபொலிஸ் நகரில் ஜெனரல் மில்ஸ் என்ற மாவு கம்பெனி இடம் கொடுத்தது. மில்லின் மேல்மாடியில் வேலை நடந்தது. (ராணுவம் கடைசியில் இந்தத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.)

1943-ல் ஒருநாள். அரசாங்கத்தின் முடிவுக்காகச் சும்மா காத்திருந்த நேரம். ஸ்கின்னரும் கெல்லர் பிரேலண்டும் நார்மன் கட்மனும் ஒரு புறாவுக்குப் பந்து உருட்டக் கற்றுக்கொடுக்க நினைத்தார்கள். புறா அலகால் மரப்பந்தைத் தட்ட வேண்டும், தட்டியதும் தீனி. காத்திருந்தார்கள்... காத்திருந்தார்கள்... புறா தட்டவே இல்லை. பொறுமை போய், சரி, பந்தைத் திரும்பிப் பார்த்தாலே கொடுத்துவிடுவோம் என்று கையாலேயே சுவிட்சைப் போட ஆரம்பித்தார்கள். பார்த்ததற்குத் தீனி, பிறகு பக்கத்தில் போனதற்கு, பிறகு அலகு பட்டதற்கு. சில நிமிடங்களில் புறா பந்தை அடித்த அடியில் அது பெட்டியின் சுவர்களில் மோதி உருண்டது!

படிப்படியாக ஒரு செயலை இப்படி உருவாக்கலாம், அதுவும் இயந்திரம் இல்லாமல் கையாலேயே, என்பதை அன்றுதான் கண்கூடாகப் பார்த்தார்கள். தீனித் தட்டு விழும் சத்தமே புறாவுக்குச் செய்தி என்பதையும் கவனித்தார்கள். அந்தச் சத்தத்தின் வாரிசுதான் கிளிக்கர்.

கடை திறந்த தம்பதி

கெல்லரும் அவர் மனைவி மரியனும் ஸ்கின்னரின் மாணவர்கள். இதை வைத்துப் பிழைக்கலாம் என்று நம்பி, ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மினசோட்டாவில் ஒரு சிறு பண்ணையில் 'அனிமல் பிஹேவியர் என்டர்பிரைசஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதலில் கையில் எடுத்தது நாயைத்தான். ஆனால் நாய்ப் பயிற்சியாளர்கள் சீந்தவில்லை. நூற்றாண்டுகளாக எங்களுக்குத் தெரியாததா என்ற மனோபாவம்.

நாய் இல்லையென்றால் கோழி! ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் தீவன விளம்பரத்துக்காகக் கோழிகளை ஆட வைத்தார்கள். பின்னர் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்ந்து 1955-ல் 'ஐ.க்யூ. ஜூ' என்ற காட்சிக்கூடத்தைத் திறந்தார்கள். அங்கே கோழி பேஸ்பால் ஆடும், வாத்து பியானோ தட்டும். அதே காலத்தில் புளோரிடாவில் டால்பின் பயிற்சிக்கும் இந்த முறையைக் கொண்டுபோனார்கள். கம்பெனி 1990 வரை நடந்தது. அதற்குள் அவர்கள் பழக்கிய பிராணி இனங்கள் நூற்றுக்கும் மேல்.

இவர்களிடம் எனக்குப் பிடித்தது நேர்மை. எல்லாம் பரிசால் நடந்துவிடும் என்று இவர்கள் கதை விடவில்லை. 1961-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் தோல்விகளையே பட்டியல் போட்டார்கள். உண்டியலில் காசு போடக் கற்ற ரக்கூன், இரண்டு காசைக் கொடுத்ததும் போட மனமில்லாமல், கருமியைப்போல் இரண்டையும் நிமிடக்கணக்கில் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். மரக்காசை எடுத்துப்போக வேண்டிய பன்றி, வழியெல்லாம் அதை மூக்கால் நெம்பி விளையாடியதாம். ஒவ்வொரு பிராணிக்கும் பிறவிக் குணம் என்று ஒன்று உண்டு, அதை எதிர்த்துப் போனால் பரிசும் தோற்கும் என்று ஸ்கின்னரின் மாணவர்களே எழுதியது பெரிய விஷயம்.

1951: செய்முறை அச்சில்

ஸ்கின்னர் சும்மா இருக்கவில்லை. 1951 டிசம்பரில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில், பிராணிகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று சாதாரண வாசகர்களுக்காக எழுதினார். தேவையானவை: பசியுள்ள நாய், சின்னச் சின்னத் தீனித் துண்டுகள், டிக் டிக் பொம்மை. அலமாரியின் கைப்பிடியை மூக்கால் தொட வைப்பது எப்படி என்று சமையல் குறிப்பு மாதிரி விளக்கியிருந்தார்.

ஆக, கருவி இருந்தது, முறை இருந்தது, விளம்பரமும் கிடைத்தது. பொம்மையின் விலையோ சில்லறைக் காசு. அப்புறமும் ஏன் பரவவில்லை?

நாற்பது வருஷம் எங்கே போனது?

எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

ஒன்று, அதிகாரம். போர்களுக்குப் பிறகு நாய்ப் பயிற்சி என்றாலே ராணுவ, போலீஸ் அனுபவம் உள்ளவர்கள்தான் குரு. அவர்கள் பழக்கிய நாய்கள் கண்ணெதிரே அணிவகுத்தன. கோழியை ஆட வைக்கும் தம்பதி வந்து, உங்கள் முறை தப்பு என்றால் யார் கேட்பார்கள்?

இரண்டு, சந்தை. பிரேலண்ட் தம்பதிக்கு வாடிக்கையாளர்கள் விளம்பரக் கம்பெனிகளும் காட்சிக்கூடங்களும்தான். காசு அங்கேதான் இருந்தது. சில்லறை விலைக்கு விற்கும் ஒரு பொம்மையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த வியாபாரிக்கும் லாபம் இல்லை. கண்டுபிடிப்பு மட்டும் போதாது, அதைக் கொண்டு சேர்க்க ஒருவருக்காவது ஆதாயம் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அடி உடனே பலன் தருவதுபோல் தெரியும். நாய் குரைக்கிறது, சங்கிலியைச் சுண்டுகிறீர்கள், குரைப்பு நிற்கிறது. அடுத்த நாள் மறுபடி குரைக்கும், அது வேறு விஷயம். ஆனால் அந்த நொடியில் கிடைத்த அமைதி இருக்கிறதே, அதுதான் சங்கிலியைச் சுண்டியவருக்குக் கிடைத்த தீனி! ஸ்கின்னரின் விதி நாய்க்கு மட்டுமா? மனிதனுக்கும்தானே? ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அடிப்பவருக்கே பரிசு கிடைத்தால் அவர் எப்படி அடிப்பதை விடுவார்? நாற்பது வருஷமும் பழக்கப்பட்டது நாய் மட்டும் இல்லை, மனிதனும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது

இந்தச் சுழலை உடைக்க, அடிக்கவே முடியாத ஒரு பிராணி வேண்டியிருந்தது. 1963-ல் ஹவாய் தீவில் திறக்கவிருந்த 'சீ லைஃப் பார்க்' என்ற கடல் காட்சிக்கூடத்தில் டால்பின்களைப் பழக்கும் பொறுப்பு கேரன் பிரையர் என்ற பெண்ணிடம் வந்தது. கையில் இருந்தது, பிரேலண்டிடம் பாடம் கற்ற ஒருவர் எழுதிய கையேடு மட்டும். டால்பினை இழுக்க முடியாது, அடிக்க முடியாது. கோபித்துக்கொண்டால் அது நீந்தி அந்தப் பக்கம் போய்விடும். ஒரு விசில், ஒரு வாளி மீன். இவ்வளவுதான் ஆயுதம்.

இதை வைத்து அவர்கள் செய்த ஒரு சோதனை 1969-ல் கட்டுரையாக வந்தது. இதுவரை செய்யாத புது வித்தை காட்டினால் மட்டுமே மீன் என்று விதி. கொஞ்ச நாளில் டால்பின்கள் யாரும் கற்றுக்கொடுக்காத வித்தைகளைத் தாங்களாகவே உருவாக்க ஆரம்பித்தன! அடிக்குப் பயந்த பிராணி புதிதாக எதையும் செய்து பார்க்குமா? எதையும் செய்யாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

அடைத்து வைத்த டால்பின்களிடம் கற்ற பாடம் இது என்பதையும் மறக்கக்கூடாது. இன்று டால்பின் காட்சிகளுக்குப் பலத்த எதிர்ப்பு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

1984-ல் பிரையர் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' புத்தகம் நாயைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதிகம் பேசியது. ஆனாலும் நாய் வளர்ப்பவர்கள் தேடிப் படித்தார்கள். 1992-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிரையரும், விலங்குக் காப்பகத்தில் வேலை பார்த்த கேரி வில்க்ஸும் சேர்ந்து நாய்ப் பயிற்சியாளர்கள் முன்னால் இந்த முறையைச் செய்து காட்டினார்கள். கையில் அதே டிக் டிக் பொம்மை. அங்கிருந்துதான் காட்டுத்தீ மாதிரி பரவியது. பிரையர் 2025 ஜனவரியில் காலமானார். 2001-ல் மறைந்த மரியனும், தான் கைவிட்ட நாய்ச் சந்தையை இன்னொருவர் வென்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சரி, இதனால் என்ன லாபம்?

2004-ல் பிரிட்டனில் 364 நாய் வளர்ப்பாளர்களிடம் நடத்திய ஆய்வில், பரிசு கொடுத்துப் பழக்கியவர்களின் நாய்கள் அதிகம் சொல்பேச்சுக் கேட்பதாகவும், தண்டனை இருந்த வீடுகளில் நடத்தைப் பிரச்சினைகள் அதிகம் இருப்பதாகவும் தெரிந்தது. 2020-ல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. தண்டிக்கும் பயிற்சிப் பள்ளிகளின் நாய்கள் பயிற்சியின்போது அதிகப் பதற்றத்தைக் காட்டின. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. 2021-ல் அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்கள் சங்கம், எல்லா நாய்களுக்கும் பரிசு முறையையே பரிந்துரைக்கிறோம் என்று அறிக்கை விட்டது.

நாய் மட்டும் இல்லை. தான்சானியாவில் கண்ணிவெடி மோப்பம் பிடிக்கப் பெரிய எலிகளைக் கிளிக்கர் வைத்தே பழக்குகிறார்கள். அதில் ஒன்றான மகாவா கம்போடியாவில் செய்த சேவைக்காக 2020-ல் தங்கப் பதக்கம் வாங்கியது. எலியை அடித்து இந்த வேலையை வாங்க முடியுமா, யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் இத்தாலியில் 51 நாய்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கிளிக்கர், ஒரு பிரிவுக்கு "பிராவோ" என்ற வார்த்தை, இன்னொன்றுக்கு வெறும் தீனி. மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கற்றுக்கொண்டன. அப்படியானால் அந்தப் பொம்மையில் மந்திரம் எதுவும் இல்லை. கிளிக்கர் கிடைக்கவில்லை என்றால் நாக்கைச் சொடுக்குங்கள், பேனா மூடியை அமுக்குங்கள், "சபாஷ்" என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பொம்மை என்னதான் செய்தது? மனிதனின் கண்ணைத் திருப்பியது என்பேன். சங்கிலி பிடித்தவர் நாய் எப்போது தப்பு செய்யும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். கிளிக்கர் பிடித்தவர் எப்போது சரியாகச் செய்யும் என்று காத்திருக்க வேண்டும், நொடி தவறாமல் கவனிக்கவும் வேண்டும். ஒரே நாய்தான். தேடுவதுதான் வேறு.

ஸ்கின்னர் 1951 கட்டுரையின் முடிவில் நாயை விட்டுவிட்டுக் குழந்தைக்கு வந்துவிடுகிறார். மெதுவாகக் கூப்பிடும்போது திரும்பாத அம்மா, குழந்தை கத்தும்போது மட்டும் திரும்பினால், கத்துவதற்கு அவரே பயிற்சி கொடுக்கிறார் என்கிறார். வீட்டில், வகுப்பில், அலுவலகத்தில் நாம் எதைக் கண்டதும் திரும்புகிறோம் என்பதை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அப்படியே, தெருவில் எந்த நாயாவது உங்களைப் பார்த்துக் குரைக்காமல் போனால் அதற்கும் ஒரு "சபாஷ்" சொல்லிவிட்டுப் போங்கள். செலவா என்ன?